நான் உள்ளே அழைத்த அப்பா

இரும்புக் கட்டிலின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வார்டுக் கதவையே பார்த்து நின்ற அந்தப் பாப்பா இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறாள். இரண்டு வயதுகூட முடியவில்லை. பச்சை ஸ்வெட்டர், ஒரு காலில் மட்டும் சாக்ஸ். மறுகால் கட்டைவிரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்க நாங்கள் மாட்டிய கிளிப்பை உதறி உதறிக் கழற்றியிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தக் கதவு வழியாகத்தான் அவள் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டு போயிருந்தோம்.

கொரோனாவின் இரண்டாம் அலை. பந்தலூர்ப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். பாப்பாவின் அம்மா தேயிலை பறிப்பவர், அப்பா பறித்த கொழுந்தை ஏற்றும் லாரியின் டிரைவர். நெல்லியாளத்தை ஒட்டிய எஸ்டேட் ஒன்றில் தொழிலாளர் லைன் வீடு. தாய்க்கும் பிள்ளைக்கும் பாசிட்டிவ், அப்பாவுக்கு நெகட்டிவ். அதனால் அவர் வெளியே, அவர்கள் இருவரும் ஒரே கட்டிலில் உள்ளே. மூன்றாம் நாள் காலை அம்மாவுக்கு மூச்சு திணற ஆரம்பித்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பியே ஆக வேண்டும், குழந்தையை உடன் அனுப்ப வழியில்லை. ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து அந்தப் பெண் சொன்னது ஒன்றுதான்: “பால் கேப்பா சிஸ்டர். இன்னும் மறக்கடிக்கல.”

அன்று முழுக்கப் பாப்பா எதையும் வாயில் வைக்கவில்லை. புட்டிப்பால், கஞ்சித் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், எல்லாவற்றையும் தட்டிவிட்டாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டு, கண்ணாடிக்குள் கண் மட்டும் தெரிய வருகிற எங்கள் உருவமே அவளுக்குப் பயம். மிகுந்த சிரமப்பட்டுக் கையில் ஏற்றிய டிரிப்ஸ் ஊசியை அவள் இரண்டு முறை பிடுங்கி எறிந்தாள். மறுநாள் மதியம் அழுகை நின்றுவிட்டது. நான் பயந்தது அதற்குத்தான். உதடு வறண்டு, காலையில் கட்டிய துணி நனையவே இல்லை.

டாக்டரிடம் போய், “அப்பாவைக் கூப்பிடலாமா சார்?” என்று கேட்டேன். சின்ன வயது டாக்டர். “நோயில்லாத ஆளை இந்த வார்டுக்குள்ள எப்படிம்மா விடறது?” என்றார். பிறகு பாப்பாவின் பக்கம் பார்த்தார். “கேட்டுப் பாருங்க. கட்டாயப்படுத்தாதீங்க. வேற ஏதாவது வியாதி இருந்தா வேண்டவே வேண்டாம்.”

காந்தலில் என் வீட்டுக்காரரோடு இருந்த என் மகனை நான் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தினமும் போனில் “நாளைக்கு வந்துடறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் சேர்ந்துதான் என்னை அந்த போனை எடுக்க வைத்ததோ என்னவோ.

பாப்பாவின் அப்பா முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். “கேட்டுக்கு வெளியதாங்க நிக்கிறேன் சிஸ்டர்.” மூன்று நாளாகக் கொட்டும் மழையில் அங்கேயேதான் இருந்திருக்கிறார். விஷயத்தைச் சொல்லி, சர்க்கரை, பிரஷர், வீசிங் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“ஒண்ணுமே இல்லைங்க. கல்லு மாதிரி இருக்கேன்.”

கவச உடை மாட்டி நானே உள்ளே அழைத்துப் போனேன். பாப்பா அவரையும் பார்த்து அலறினாள். அவருக்கும் முகம் இல்லையே. “அண்ணா, கழட்டாதீங்க!” என்று நான் கத்துவதற்குள் கண்ணாடியையும் மாஸ்க்கையும் இழுத்துக் கீழே தள்ளிவிட்டார். பாப்பா அப்படியே பார்த்தாள். சத்தம் வராமல் வாய் மட்டும் “ப்பா” என்றது. மடியில் உட்கார வைத்து ஸ்பூனால் ஊட்டினார். குடித்தாள். சாயங்காலம் துணி நனைந்திருந்ததைக் கண்டு நான் டாக்டர் அறைக்கே ஓடினேன்.

மாஸ்க்கை மறுபடி மாட்டினால் பாப்பா வீறிட்டாள். அதனால் அவர் மாட்டவே இல்லை. நானும் சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரு கட்டத்தில் சொல்வதை விட்டுவிட்டேன்.

உள்ளே வந்த ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் மூச்சு இரைத்தது. சட்டையை மாற்றும்போது பையிலிருந்து இன்ஹேலர் ஒன்று கீழே விழுந்தது. பாதி தீர்ந்த, பழைய இன்ஹேலர். “வீசிங் இருக்கா? ஏன் பொய் சொன்னீங்க?” என்று சத்தம் போட்டேன். மூச்சுக்கு நடுவே அவர் சொன்னார்: “பாப்பா தூங்குறா… மெதுவா பேசுங்க.”

அடுத்த மூன்று நாட்களும் மூச்சு எளிதாக அவரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தோம். கோயம்புத்தூரில் கட்டில் காலியில்லை என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் பாப்பா, இப்போது என் கையால் சாப்பிடப் பழகியிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் திரும்பி அப்பாவின் முதுகைப் பார்ப்பாள். நானும் அதைத்தான் பார்த்தேன்: ஏறுகிறதா, இறங்குகிறதா. ஒரு குழந்தையைப் பிழைக்க வைக்க அதன் அப்பாவைக் கொன்றுவிட்டேனோ என்ற நினைப்போடுதான் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலையில் அவருடைய ஆக்ஸிஜன் அளவு ஏறியது. மதியம் இன்னும் கொஞ்சம். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அம்மாவும் பிழைத்தார். வாரங்கள் கழித்து, பாதி ஆளாக எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வந்து இறங்கிக் கையை நீட்டியபோது பாப்பா போகவில்லை. அப்பாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் பெண் “மறந்துட்டியா கண்ணு?” என்று சிரித்து, பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாப்பா மறுபடி அம்மாவிடம் ஒட்டிக்கொள்ளச் சில நாள் பிடித்தது.

மூவரும் வீட்டுக்குக் கிளம்பும்போது பாப்பாவின் அப்பாவிடம், “நான் போன் பண்ணியிருக்கக் கூடாதுங்க” என்றேன்.

“நீங்க பண்ணலேன்னா என்னங்க? பின்பக்கம் மூணாவது சன்னல்ல ரெண்டு கம்பி ஆடுது சிஸ்டர். பாத்து வெச்சிருந்தேன்.”

இப்போது அவர் லாரி ஓட்டுவதில்லை. நுரையீரல் பழையபடி ஆகவில்லை. கொழுந்து எடை போடும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் பஸ் நிறுத்தத்திலிருந்து லைனுக்கு ஏறும் பாதையில் இருவரையும் பார்த்தேன். பாப்பா பள்ளிக்கூடப் பையோடு முன்னால் ஓடினாள். பாதி ஏற்றத்தில் அவர் நின்றார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் அவர் மார்புக்குத்தான் போனது.

“ஏம்ப்பா, எப்பவும் இந்த எடத்துலயே நிக்கிற?” என்று மேலேயிருந்து கேட்டாள்.

“மலையைப் பாக்குறேன் சாமி” என்றார்.

எதிரே பனிமூட்டம், மலை எதுவும் தெரியவில்லை. அவர் மூச்சு சீராகும் வரை நானும் பக்கத்தில் நின்று அந்த மலையைப் பார்த்தேன்.