பறிக்கப்பட்ட பட்டங்களையும் எண்ணிய ராசன் மாமா

ராசன் மாமா இறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, சுவிஸின் கூர் நகரில் அவர் வேலை செய்த பீட்சாக் கடையில் மா பிசைந்துகொண்டிருந்தபோதே நெஞ்சுவலி. அம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

இந்த ஃபுட்பால் ரசிகர் குழுவில் பலர் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் நம் இத்தாலிய கிளப் வென்ற லீக் பட்டங்கள் எத்தனை என்று யார் எழுதினாலும், கீழே வந்து "பிழை" என்று ஒற்றைச் சொல்லில் கமெண்ட் போடுகிறவர்... அவர்தான்.

நான் அவருக்குச் சொந்தம் இல்லை. என் அப்பாவும் அவரும் பல வருடங்களாக ஒரே கடைக் குசினியில் சமையல் வேலை செய்தவர்கள்.

எனக்குப் பதினைந்து வயது. இந்தக் குழுவில் இதுவரை வாசித்ததோடு சரி.

ஆட்ட முறைகேடு பற்றிய ஒரு விசாரணைக்குப் பிறகு நம் கிளப்பின் சில பட்டங்கள் பறிக்கப்பட்டன. ஃபுட்பால் சம்மேளனத்தின் கணக்கில் அவை இல்லை, மாமாவின் கணக்கில் இருந்தன.

பாரிசில் இருக்கும் ஓர் அண்ணை, "நீங்கள் என்ன, நீதிமன்றத்துக்கும் மேலையோ?" என்று கேட்டதற்கு மாமா எழுதிய பதில்: "நீதிபதி மேட்ச் பாக்கேல்லை. நான் பாத்தனான்."

புதன்கிழமை பின்னேரங்களில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மாமாவுக்கு அது சிம்மர்ஸ்டுண்ட... மதிய வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை கிடைக்கும் இடைவெளி. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்புவார்கள். அவர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்.

கணக்குப் படிப்பிக்க என்று அப்பாவிடம் சொல்லியிருந்தோம். மாமா ஊரில் உயர்தர வகுப்பு, ஏ.எல். வரை கணக்குப் படித்தவர். அப்பா நம்பினார்.

போனது பெண்கள் ஃபுட்பால் டீமின் ட்ரெய்னிங்குக்கு.

அதற்கு முன்பு நான் ஒருமுறை அப்பாவிடம் கேட்டுப் பார்த்திருந்தேன். "முதல்லை கிம்மி சோதினையைப் பாஸ் பண்ணு. பந்து எங்கையும் ஓடிப்போகாது" என்றார், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்பள்ளியின் நுழைவுச் சோதனையைச் சொல்லி. அதற்குமேல் அவரோடு கதைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்தி மாமா ஒரு கணக்குக் கொடுப்பார். "ஒண்டையாவது செய்துபோட்டு இறங்கு பிள்ளை. கொப்பரிட்ட முழுப் பொய் சொல்லேலாது எனக்கு."

கணக்கு எப்போதும் கிளப்பைப் பற்றித்தான். மொத்தம் எத்தனை சீசன், அதில் நூற்றுக்கு எத்தனை வீதம் நாங்கள் சாம்பியன்... நான் ஃபோனில் பார்த்துச் சரியாகவே செய்வேன்.

"பிழை."

"சரி மாமா! சம்மேளனத்தின்ர பக்கத்திலையே கிடக்கு."

"பறிச்சதையும் கூட்டு."

"அது ரெக்கோர்டிலை இல்லை."

"ரெக்கோர்டை விடு. வெண்டவங்களோ இல்லையோ?"

"வெண்டவங்கள்தான்..."

"அப்ப கூட்டு. கூட்டிப்போட்டு இறங்கு, அங்கை கோச் விசில் அடிக்கிறா."

லீக் மேட்ச் எனக்கு இல்லை. டீமில் பதிய அப்பாவின் கையெழுத்து வேண்டும். பதிவு கேட்காத சிநேகபூர்வ ஆட்டங்களில், யாராவது களைத்துப்போனால் என்னை இறக்குவார்கள்.

போன இலையுதிர் காலத்தில் மாமா இங்கே எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இண்டைக்கு ஒரு கோல் பாத்தன். இடது காலாலை, மேல் மூலைக்குள்ளை. எங்கட கிளப் சரித்திரத்திலையே இப்பிடி ஒண்டு இல்லை."

எல்லோரும் சிரித்தீர்கள்.

"அண்ணை, இண்டைக்கு மேட்சே இல்லையே!"

"அண்ணை அடுப்புக்குள்ளை பாத்திருக்கிறார்."

"வைனைக் குறையுங்கோ அண்ணை."

ஆர் அடிச்சது என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். "சொல்லமாட்டன்" என்று மட்டும் எழுதினார். கடைசிவரை சொல்லவில்லை.

அது நான்.

நாளை கிரமடோரியத்தில் நடக்கும் இறுதிச் சடங்கில் அப்பா பேசுகிறார். எழுதி முடித்துவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். நடுவில் இப்படி வருகிறது: "தன்ர ஓய்வு நேரத்தை விட்டுப்போட்டு, என்ர மகளுக்குக் கணக்குப் படிப்பிச்ச மனுசன்."

"சரியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா" என்றேன்.

பிறகுதான் எங்கள் கேப்டன் லாரா மெசேஜ் அனுப்பியிருந்ததைப் பார்த்தேன். கோச்சும் முழு டீமும் நாளை வருகிறார்களாம், டீம் ஜாக்கெட் போட்டுக்கொண்டு. ஒவ்வொரு புதனும் கடையில் மிஞ்சிய பீட்சாவைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து அவர்களுக்குக் கொடுத்தவர் மாமா.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அப்பா பேசுவது விளங்காது. ஆனால் முடிந்ததும் வரிசையில் வந்து அப்பாவுக்குக் கை கொடுப்பார்கள். யார் நீங்கள் என்று அப்பா கேட்பார்.

வரவேண்டாம் என்று லாராவுக்கு எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன்...

எனக்கு ஏச்சு விழும் என்ற பயம் இருக்கிறது. ட்ரெய்னிங் நின்றுவிடும் என்பதும் தெரியும்.

அதைவிடப் பெரிய பயம், எல்லோருக்கும் முன்னால் நன்றி சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே அப்பா மாமாவை வெறுத்துவிட்டால்... பதில் சொல்ல மாமா இல்லை.

அப்பாவின் அறையில் இன்னும் லைட் எரிகிறது. அந்தத் தாளோடுதான் இருப்பார்.

இங்கே அப்பாவைத் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். விடிந்ததும் யாராவது அவருக்கு ஃபோன் எடுப்பீர்கள். அதற்கு முன் நானே போய்ச் சொல்லப்போகிறேன், அந்த வரி பிழை என்று.

லாராவுக்கு இப்போதுதான் அனுப்பினேன். ஜாக்கெட் போட்டே வரச் சொல்லி.

போயிட்டு வாங்கோ மாமா.

பறிச்சதையும் கூட்டிப்போட்டன்.