நாலாம் நம்பர் பாட்டில்

டெல்லி சாணக்யபுரியில் ஒரு வீட்டில் நாலு வருஷம் சமையல் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் குவார்ட்டர்ஸ் மோதி பாக்கில். என் வீட்டுக்காரர் மத்திய அரசு ஆபீசில் பியூன். காலையில் அவர் பஸ்சுக்குப் போவார். நான் நடந்து போவேன்.

அந்த வீட்டு எஜமானை சாப் என்றுதான் கூப்பிடுவேன். ஐரோப்பாக்காரர். தூதரகத்தில் அதிகாரி. தனி ஆள். வைத்ததைச் சாப்பிடுவார். அவருக்கு இருந்த ஒரே பித்து பீர். ஆனால் குடிப்பது கொஞ்சம்தான். ஒரு கிளாசை அரை மணி நேரம் வைத்திருப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். ஒரு வாய் குடிப்பார். பிறகு நோட்டை எடுத்து எழுதுவார். எங்கள் சேலம் பக்கம் குடிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொள்வான். இப்படிக் குடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் இன்னும் நாலு பேர் வருவார்கள். எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள். புல்தரையில் மேஜை போடுவோம். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பாட்டில் கொண்டுவருவார்கள். சில அவரவர் நாட்டிலிருந்து வந்தவை. சில அவர்களே வீட்டில் காய்ச்சியவை. டெல்லிக் கடைகளில் அப்போது கிடைத்தது ஒரே மாதிரி மஞ்சள் பீர். ஐஸ் மாதிரி குடித்தால்தான் இறங்கும். இவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

எது யாருடையது என்று தெரியக் கூடாது. அதனால் பாட்டிலுக்குக் கம்பளிக் காலுறை மாட்டி, கழுத்தில் நம்பர் சீட்டு கட்டுவோம். மார்க்கு மொத்தம் இருபது. நிறத்துக்கு இரண்டு, நுரைக்கு மூன்று, மணத்துக்கு ஐந்து, ருசிக்கு ஏழு, விழுங்கிய பிறகு நாக்கில் நிற்பதற்கு மூன்று. ஐந்து பேரும் எழுதி முடிக்கும்வரை ஒருத்தரும் பேசக் கூடாது. பக்கத்துச் சீட்டைப் பார்க்கக் கூடாது. பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் பரீட்சைப் பிள்ளைகள் மாதிரி குனிந்து எழுதுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் மாதம் நான் மிளகு வடை போட்டேன். பீருக்குக் காரம் வேண்டும் என்று நினைத்தேன். கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் எந்த பீரும் அவர்கள் நாக்கில் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று விழுந்தது. அடுத்த மாதத்திலிருந்து வெறும் ரொட்டி, தண்ணீர். வடை கடைசியில்தான்.

கிளாஸ் எடுத்து வைப்பது என் வேலை. மீதியைக் கொட்டும் முன் மோந்து பார்ப்பேன். சமையல்காரி எதையும் மோந்து பார்ப்பாள். ஒருநாள் ஒரு கிளாசில் தெரிந்த வாசனை வந்தது.

"சாப், இதுல தனியா விதை போட்டிருக்கு. கொஞ்சம் ஆரஞ்சுத் தோலும்" என்றேன். நாங்கள் பேசியது இந்தி. அதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் காலுறையைக் கழற்றி லேபிளைப் படித்தார். மற்றவர்களிடம் நீட்டினார். அவர்களில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருத்தர் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் வாத்தியார். டெல்லியில் ரொம்ப வருஷம் இருந்தவர். இந்தி என்னைவிட நன்றாகப் பேசுவார். அங்கே எல்லோருக்கும் நான் தீதி, அதாவது அக்கா.

"வாஹ் தீதி! அப்ப நாங்க அஞ்சு பேரும் முட்டாளா?"

"எனக்கென்ன தெரியும் சாப். நான் தினமும் தனியா வறுக்கிறவ."

அதற்கப்புறம் சாப் என்னிடம் கிளாசை நீட்டிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. குடிக்க மாட்டேன். மூக்கு மட்டும்தான். ஒன்றில் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளின மணம். ஒன்றில் அப்போது வெட்டின புல். புளிப்பு பீர் ஒன்று வந்தது, மாவடு ஜாடியைத் திறந்த மாதிரி. கோதுமை பீரில் வாழைப்பழம் வந்தது.

"பழம் போட்டாங்களா சாப்?"

"இல்ல தீதி. ஈஸ்ட் செய்யற வேலை அது."

எனக்குப் புரிந்தது. இட்லி மாவில் யாரும் புளிப்பைக் கொண்டுபோய்ப் போடுவதில்லை.

தண்ணீர், முளைகட்டின பார்லி, ஈஸ்ட், அப்புறம் கசப்புக்கு ஒரு பூ. அந்தப் பூ காய்ந்து, இடித்து, மாட்டுத் தீவனம் மாதிரி பச்சைக் குச்சியாகப் பாக்கெட்டில் வரும். அவ்வளவுதான் சாமான். அதை வைத்துக்கொண்டு இத்தனை விதம். என் அஞ்சறைப் பெட்டியில் எல்லாம் இருக்கிறது. என் சாம்பார் என்றைக்கும் ஒரே சாம்பார்தான். காய்ச்சுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

குவார்ட்டர்சில் விஷயம் பரவிவிட்டது. கீழ்வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கேட்டாள்.

"உனக்கென்னக்கா. மோந்து பாக்குறதே வேலையாமே!"

"ஆமா. உன் கொழம்பையும் கொண்டா, மார்க்கு போடறேன்."

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். மூக்குப்பொடி உண்டு. "எனக்கும் மூக்கு இருக்கு புள்ள. ஒருத்தனும் கூப்புட மாட்டேங்கறான்" என்பார்.

சாப் தானும் காய்ச்சுவார். ஸ்டோர் ரூமில் பெரிய பாத்திரம், வாளி, குழாய். பத்துப் பதினைந்து தடவை காய்ச்சியிருப்பார். ஒவ்வொன்றையும் காலுறை மாட்டி வைப்பார். பதிமூன்று, பதினான்கு என்றுதான் விழும். தாடிக்காரர் பீர் எப்போதும் மேலே நிற்கும். சாப் அதைப் பற்றிப் பேச மாட்டார். டிசம்பரில் மாற்றல் உத்தரவு வந்தது. பிப்ரவரி கடைசியில் கிளம்ப வேண்டும். அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

"ஒரே ஒரு தடவை, தீதி. அவங்க கையால பதினாறு வாங்கிட்டுப் போகணும்."

கடைசியாக ஒரு கறுப்பு பீர் போட்டார். டெல்லிக் குளிரில் ஈஸ்ட் அசையவில்லை. இரண்டு நாள் வாளி சும்மா கிடந்தது. குளிர்காலத்தில் என் மாவும் அப்படித்தான் கிடக்கும். வாளிக்கு ஒரு ரஜாயை, அந்த ஊர்ப் பஞ்சுப் போர்வையை, சுற்றி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் குமிழி விட்டது. சாப் குழந்தையைப் பார்ப்பது மாதிரி குனிந்து பார்த்தார்.

பொங்கலுக்கு நான் லீவு. அப்போது அவரே தனியாகப் பாட்டிலில் ஊற்றி மூடியிருக்கிறார். காய்ச்சலோடு. திரும்பி வந்தபோது படுத்துக் கிடந்தார். ஒரு வாரம் கஞ்சிதான்.

எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் பால் அடிப்பிடித்துவிட்டது. வீடு முழுக்கப் புகை வாடை. அவர் சமையலறை மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"சாப், வாசனை வரலையா?"

"என்ன வாசனை?"

பாத்திரத்தைக் கொண்டுபோய் மூக்கருகே பிடித்தேன். மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்டோர் ரூமுக்குப் போய் ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். அப்படியே மூடி வைத்துவிட்டு வந்தார்.

டாக்டர் மூக்கு திரும்பி வரும் என்றாராம். எப்போது என்று சொல்லவில்லையாம்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை வந்தது. அவருக்கு அது கடைசிச் சனிக்கிழமை. காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு உங்க மூக்கு எனக்கு வேணும். நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்."

"உங்க பீரும் இருக்குமே சாப்."

"இருக்கும். அதையும் சொல்லுங்க. சச், உண்மைதான் சொல்லணும்."

அன்று பாட்டிலுக்குக் காலுறை மாட்டும் வேலையை என்னிடமிருந்து வாங்கி வாசல் காவலுக்கு இருந்த சௌகிதாரிடம் கொடுத்தார். ஏழு பாட்டில். நல்ல வெயில். எல்லோரும் உட்கார்ந்ததும் சாப் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். என்னைக் காட்டினார்.

தாடிக்காரர் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"அச்சா! இன்னைக்கு நிஜ ஜட்ஜ் வந்தாச்சு. தீதி, என் பீருக்குக் கொஞ்சம் கருணை காட்டுங்க."

"உங்களது எதுன்னு தெரியாதே சாப்."

"அதான் பயமா இருக்கு."

பேசக் கூடாது என்பது விதி. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் நாலடி தள்ளித் தனி மேஜை. ஒன்றாம் நம்பர் கோதுமை. வாழைப்பழம், கிராம்பு. நுரை கெட்டியாக நின்றது. சொன்னேன், எழுதினார். இரண்டாவது புல் வாசனை, சுத்தமானது. மூன்றாவது பம்பளிமாஸ். நல்ல தூக்கலான மணம். அதைக் கீழே வைக்கவே மனசு வரவில்லை.

நாலாம் நம்பர் கறுப்பு. அன்று கறுப்பு அது ஒன்றுதான். யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

மோந்து பார்த்தேன். வறுத்த காப்பிக்கொட்டை. காய்ச்சின வெல்லம். அதற்கு மேலே இன்னொன்று வந்தது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. கிளாசைச் சுழற்றி மறுபடி பார்த்தேன். அட்டைதான்.

நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை போதும். எழுதிவிடுவார். அவருக்குத் தெரியப் போவதில்லை. மூன்று வாரத்தில் ஊரை விட்டே போகிறவர். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொருத்தர் உழைப்பை மூக்கை மட்டும் நம்பித் தள்ளக் கூடாது என்று தோன்றியது. ஒரு வாய் குடித்தேன். அதுதான் என் வாழ்க்கையில் முதல் பீர். கசப்பு மெதுவாக வந்தது. நாக்கின் ஓரத்தில் நின்றது. நல்ல கசப்பு. ஆனால் அட்டை அங்கேயும் இருந்தது.

"காப்பிக்கொட்டை வருது சாப். வெல்லம் வருது. அதுக்கு மேல நனைஞ்ச அட்டை."

"கொஞ்சமா?"

"கொஞ்சம் இல்ல."

பேனாவைச் சீட்டில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மணத்துக்கு ஒன்று போட்டார். ருசிக்கு நாலு. எல்லாம் கூட்டிப் பன்னிரண்டு.

ஏழும் முடிந்தது. சீட்டுகளைச் சேர்த்துக் கூட்டினார்கள். நாலாம் நம்பருக்கு மற்ற நாலு பேரும் போட்டது பதினாறு, பதினேழு, பதினைந்து, பதினாறு. தாடிக்காரர் பீர் முதலில் வந்தது. நாலாம் நம்பர் இரண்டே மார்க்கு கீழே. சாப் சீட்டு இல்லையென்றால் அதுதான் முதல்.

தாடிக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "இந்த மூக்கு வேணாம்ப்பா. தீதி, கோபிச்சுக்காதீங்க. அந்தச் சீட்டை எடுத்துடலாம்."

சாப் சிரிக்கவில்லை. "நனைஞ்ச அட்டைங்கறாங்க. உங்க யாருக்கும் அது வரலையா?" என்று கேட்டார். எனக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ, இந்தியில் கேட்டார்.

ஒருத்தர் ரொட்டியைப் பிய்த்தார்.

"வந்துச்சு" என்றார் தாடிக்காரர்.

"வந்தும் பதினேழா?"

"நீ ஊருக்குப் போற. கறுப்பு வேற யாரு போடறா? தெரிஞ்சுதான் போட்டோம்."

சாப் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நாலு வருஷமா நிஜ மார்க்கு போட்டீங்க. பதிமூணு போட்டப்போ நான் வருத்தப்பட்டேனா? இன்னைக்கு மட்டும் ஏன்?"

உள்ளே போனார். அதே கறுப்பில் இன்னொரு பாட்டிலும் புதுச் சீட்டுகளும் கொண்டுவந்து வைத்தார். மறுபடி ஊற்றினார். நாலு பேரும் மறுபடி மோந்து பார்த்தார்கள். இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு, பதிமூன்று, பன்னிரண்டு, பதினொன்று. ஏழில் ஐந்தாம் இடம்.

சாப் அதை நோட்டில் எழுதினார். கோபம் போய்விட்டது. தாடிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கே தப்பு என்று கேட்டார். பாட்டிலில் ஊற்றும்போது காற்று புகுந்திருக்கிறது என்றார் அவர். குழாயைப் பாட்டிலின் அடிவரை இறக்கி, அசையாமல் பிடிக்க வேண்டுமாம். காய்ச்சலில் கை நடுங்கினது என்று சாப் சொன்னார். ஒரு மணி நேரம் குழாயையும் பாட்டிலையும் வைத்துக்கொண்டு பேசினார்கள். போகும்போது தாடிக்காரர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என்னிடம் வந்து கை நீட்டினார். கொடுத்தேன்.

நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாப் அந்தக் கறுப்பில் மீதி இருந்ததைத் தன் கிளாசில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கொட்டிடட்டுமா சாப்?"

"வேணாம். டெல்லியில இதைக் குடிக்கத் தகுதியான ஆள் நான் ஒருத்தன்தான். எனக்கு அட்டை வராதே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வெயில் போகும்வரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் கிட்டே வந்து நின்றார்.

"குடிச்சியா புள்ள?"

"ஒரு வாய்ங்க."

"எப்டி இருந்துச்சு?"

"நல்ல பீருங்க அது. அந்த அட்டை நாத்தம் மட்டும் இல்லீன்னா பதினேழு சொல்லியிருப்பேன்."

"இப்ப எத்தன?"

"பன்னெண்டு."

"ஊருக்குப் போற மனுசன். நோகாதா?"

"நொந்துச்சு. பேனாவை ரெண்டு தடவை வச்சு வச்சு எடுத்தாரு. அப்புறம் எழுதிட்டாரு."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எங்க ஆபீசுல அப்டி ஒருத்தன் இல்ல" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.