பெயர் பொறிக்காத கரடி

என் மனைவி மண்ணால் ஒரு காட்டைச் செய்தாள். அந்தக் காட்டில் அவள் பெயர் இல்லாமற் போனதற்கு நானே காரணம். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மழைக்காலங்கள் தேவைப்பட்டன.

அவள் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள்; தமிழ்க் குடும்பத்தினள் எனினும் மலையாளப் பள்ளியில் பயின்றவள். நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றாள். நானோ தமிழாசிரியப் பணிக்காக இவ்வூருக்கு வந்து, இங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டவன். ஓய்வு பெற்ற மறு மாதமே கோட்டைக் கொச்சியில் ஓர் அம்மையார் தம் வீட்டில் நடத்திய சுடுமண் பயிற்சிக் கூடத்தில் அவள் சேர்ந்தாள். வாரம் மூன்று நாள், காலையில். பூச்சாடிகளோடு திரும்புவாள் என்று நான் எண்ணியிருந்தேன்.

முதலில் வந்தது ஒரு சாண் உயரப் பலாமரம். அடிமரத்தில் ஒரு கதவு. கதவுக்கு வெளியே ஒரு சோடிச் செருப்பு. மேலே இருந்த பொந்தில் ஒரு மரநாய் முழங்கையை ஊன்றி, தபால்காரரை எதிர்நோக்குவது போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்னர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடும் ஆந்தை. நியாயவிலைக் கடை முன் பையோடு வரிசையில் நிற்கும் காளான்கள். அவற்றுள் சிறியது மட்டும் இடையில் நுழையப் பார்க்கும். விலாப்புறத்தில் படிக்கட்டு அமைந்த யானை. அதன் இரு கொம்புகளுக்கும் இடையே கொடி கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். அடுத்ததாகக் கரடி வந்தது. கைலியை மடித்துக் கட்டிய, தொந்தி சரிந்த கரடி. ஒரு கையில் கூடை. மற்றொரு கையின் இரு விரல்களுக்கு இடையே, நகத்தளவே ஆன ஒரு பேருந்துச் சீட்டு.

ஒவ்வொன்றுக்கும் அவளிடம் கதை இருந்தது. மண்ணைப் பிசைந்துகொண்டே சொல்வாள்.

“அந்தக் கரடிக்கு ஞாயிறாழ்ச்ச விருந்தாளி வருது. காட்டுக்குள்ள மீன் ஏது? பஸ்ஸுல கேறி தோப்பும்படி மீன் சந்தைக்குப் போகுது. கண்டக்டர் சொல்றான், ‘சேட்டா, ரோமத்தைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடி, ஆளுங்களுக்குத் தும்மல் வருது’ன்னு.”

நான் நாளிதழுக்குப் பின்னாலிருந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் திருத்தினேன்.

“ஞாயிறாழ்ச்ச அல்ல. ஞாயிற்றுக்கிழமை.”

“கரடிக்கு அது தெரியாது,” என்றாள்.

ஒருநாள் சூளைக்கு எடுத்துச் செல்லுமுன் அந்தக் கரடியைக் கவிழ்த்து, ஈரம் வற்றாத அடிப்பாகத்தில் ஊசியால் எதையோ கீறிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். மலையாள எழுத்துகள்.

“இது என்ன?”

“என் பேரு. பின்ன வேற யாரு பேரு போட?”

“மலையாள எழுத்திலா?”

“எனக்கு ஒழுங்கா வர்ற எழுத்து அது. தமிழ்ல எழுதினா நீங்க சிவப்பு மையில வட்டம் போடுவீங்க.”

அப்போது நான் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். கற்கோயில்களைச் சமைத்தவர் எவரும் தூணில் தம் பெயரை வெட்டிக்கொள்ளவில்லை என்றும், படைத்தவன் மறைந்து நிற்பதே படைப்பின் மேன்மை என்றும் கூறினேன். முப்பதாண்டு வகுப்பறையில் நின்ற குரல். அதற்குத் தடை சொல்வார் இல்லை. அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நான் கோயில் ஒண்ணும் கட்டல. எனக்கு அடியில ஒரு பேரு மதி, அது போதும். உங்களுக்கு இந்த எழுத்து பிடிக்கலைன்னா, ஒரு கடலாசுல தமிழ்ல எழுதித் தாங்க. நான் பாத்துக் கீறிக்கிறேன்.”

எழுதித் தருவதாகச் சொன்னேன். அவள் விரலை நனைத்து, கீறியதைத் தேய்த்து அழித்தாள். நான் எழுதித் தரவில்லை. மறந்தேன் என்று சொல்வது பொய்யாகும். அவள் நான்கு முறை நினைவூட்டினாள். ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ ஒரு பணி எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றியது. சுட்டபின் மண் எழுத்தை ஏற்காது. அந்தக் கரடியும் அதற்குப் பின் வந்தவையும் வெறும் அடியோடு சூளைக்குள் போயின. வெறும் அடியோடு வெளியே வந்தன.

யூதத் தெருவான ஜூ டவுனில் பழம்பொருட்கடை வைத்திருக்கும் ஒருவர் அக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. தமிழ்நாட்டு வீடுகளிலிருந்து அவருக்கு வந்து சேரும் பித்தளை அண்டாக்களிலும் குத்துவிளக்குகளிலும் பொறித்திருப்பவற்றை நான் படித்துச் சொல்வேன். ஆசிரியரை அழைக்கும் மலையாள வழக்கில் என்னை மாஷே என்று அழைப்பார். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். ஒருநாள் அண்டாவைக் கீழே வைத்தவர் நிமிர்ந்து அலமாரியைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றார்.

“மாஷே, இது எங்கேருந்து கிட்டியது?”

“என் மனைவி செய்தவை.”

“சேச்சி ஆளு கொள்ளாமல்லோ, கெட்டிக்காரிதான்! எனக்கு ஏழு எண்ணம் செஞ்சு தரணும். கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறேன்.”

அவள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “பேரு வைப்பீங்களா? செஞ்சது இன்னாருன்னு ஒரு கார்டு?”

“அதுக்கென்ன சேச்சி. மாஷ் எழுதித் தந்தா கார்டு வச்சாப் போச்சு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

ஏழு உருவங்களுக்கும் ஏழு கதைகளை எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். அவள் சொன்ன கதைகளையே எழுதினேன். ஆனால் அவள் சொன்னவாறு எழுதவில்லை. பேருந்து தேராயிற்று. தோப்பும்படி, நெய்தல் நிலத்து மீன்துறையாயிற்று. நடத்துநர் நீக்கப்பட்டார். தும்மலும் நீக்கப்பட்டது. வடசொல் ஒன்றும் வராமல், பிறமொழி ஒன்றும் தீண்டாமல், செய்யுளின் செறிவோடு அந்த உரைநடை அமைந்தது. நான் எழுதியவற்றுள் அதுவே சிறந்தது என்று அன்று கருதினேன். இன்றும் என்னால் அதை மறுக்க இயலவில்லை. எனக்கு அது கூடுதல் கசப்பு.

கதைக்கேற்ப உருவத்தையும் மாற்றச் சொன்னேன். கடைக்காகச் செய்யும் புதிய கரடியின் கையில் பேருந்துச் சீட்டு கூடாது. ஓலைநறுக்கு இருக்கட்டும் என்றேன்.

“பஸ்ஸுக்கு ஓலையா?”

“பேருந்து இல்லை. தேர்.”

“தேர்ல போற அளவுக்கு வசதியுள்ள கரடி மீன் வாங்க நேரா எதுக்குப் போகுது? ஆளை அனுப்பாதா?”

ஆயினும் ஓலையையே வைத்தாள். கைலியை எடுத்துவிட்டு இடைக்கச்சை கட்டினாள். கற்றவன் சொல்கிறான் என்று எண்ணியிருப்பாள். அடியில் பெயர் கீறும் பேச்சை மீண்டும் எடுத்தபோது, அட்டையில்தான் வரப்போகிறதே என்றேன். அட்டையிலும் நான் இடவில்லை. அந்த நடையின் இறுதியில், இதைச் செய்தவர் ஓய்வு பெற்ற நகராட்சி எழுத்தர் என்று ஒரு வரி வந்தால் எல்லாம் கலைந்துவிடும் என்று தோன்றிற்று. கடைக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அதையும் சொல்லவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து அவற்றைக் காண இருவரும் கடைக்குப் போனோம். எங்கள் மகளின் திருமணத்திற்கு வாங்கிய பட்டுப்புடவையை அவள் உடுத்தியிருந்தாள். வெயில் கடுமையாக இருந்தது; சுக்கு மண்டிகளின் காரம் தெருவெங்கும் மூக்கில் ஏறியது. வழி நெடுக, யார் யார் அதைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கண்ணாடிப் பேழையில் கரடி நின்றிருந்தது. முதலில் எங்களால் அதை அடையாளம் காணவே இயலவில்லை. சூளை ஆறும்போது மெருகுப்பூச்சில் விழுந்த மயிரிழை வெடிப்புகளுக்குள் கடுந்தேநீர்ச் சாயம் ஏறி, உடலெங்கும் பழுப்பு வலையாகப் படர்ந்திருந்தது. மடிப்புகளில் மெழுகும் கரியும். இடக்காது உடைக்கப்பட்டிருந்தது. பழந்தாள் நிறத்தில் அச்சிட்ட என் கதையும், அதன் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்தில் இருந்தன.

வடநாட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையாரிடம் கடைக்காரர் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். ஏதோ ஓர் அரண்மனைக் குழந்தைகளுக்காகச் செய்த விளையாட்டுப் பொருள்கள். செய்தவர் பெயர் தெரியாது. கதைகள் ஓர் ஓலைச்சுவடியில் இருந்தவை. என்னைக் கண்டதும் அவர் சற்றும் தடுமாறவில்லை. “அந்தச் சுவடியைப் படித்த அறிஞர் இவர்தாம்,” என்று அறிமுகம் செய்தார்.

அம்மையார் எழுந்து நின்று வணங்கினார். தாம் ஒரு காட்சிக்கூடத்திற்காகப் பொருள் சேர்ப்பதாகவும், இந்தக் கதையைத் தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பேராசிரியருக்குப் படித்துக் காட்டச் செய்ததாகவும் கூறினார். இத்தகைய தமிழை இன்று எவரும் எழுதுவதில்லை, இது பழமையானதே என்று அப்பேராசிரியர் உறுதி சொன்னாராம்.

அந்தச் சொல் என் உள்ளே போய் இனித்தது. அந்நொடியில் நான் மகிழ்ந்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இந்த நினைவுக் குறிப்புக்குப் பொருளில்லை.

என் மனைவி முன்னே வந்தாள். “மேடம், இது நான் செஞ்சது,” என்றாள். அம்மையாருக்குப் புரியவில்லை. கடைக்காரர் சிரித்தபடி, இந்தச் சேச்சியும் இதுபோல நன்றாகச் செய்வார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மையார் என்னை நோக்கினார். கடைக்காரரும் என்னை நோக்கினார். அவளும் நோக்கினாள்.

“இவற்றின் காலம் குறித்து உறுதியாக எதுவும் கூற இயலாது,” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அலுவலகத்தில் கோப்பு எழுதியவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். சற்று நேரம் காத்திருந்தாள். நான் தேநீர்க் குவளையைக் கையில் எடுத்தேன். கண்ணாடிக்கு வெளியே விரலை வைத்துக் கடைக்காரரிடம் கேட்டாள்:

“காது எங்க?”

“யாத்திரையில போயிடுச்சு, சேச்சி.”

“வீட்டுலேருந்து பத்து நிமிஷம் யாத்திரை,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் உடனே பின்தொடரவில்லை. எனக்காக வரவழைத்த தேநீர் பாதி மீதமிருந்தது. அம்மையாரும் இன்னொரு கேள்வி கேட்டிருந்தார்.

வீட்டில் அவள் அழவில்லை. பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வார்த்த. ‘இவ செஞ்சது.’ அத்தரயே உள்ளூ, அவ்வளவுதான். உங்களுக்கு எத்தர ஆயிரம் வார்த்த தெரியும்!”

மறுநாள் காலையில் கடைக்குச் சென்று சண்டையிட்டேன். அம்மையாருக்கு அனுப்புவதற்காகக் கரடி அதற்குள் மரப்பெட்டியில் ஏறிவிட்டிருந்தது.

“மாஷல்லே எழுதித் தந்தது? நான் அதுல ஒரு வரி சேத்தேனா? ஓலையைக் கையில கொடுத்தது நானா? அடியில பேரு இல்லாம வச்சது நானா?” என்றார் கடைக்காரர். “நான் கொஞ்சம் சாயாவெள்ளம்தான் ஊத்தினேன், மாஷே. பாக்கியெல்லாம் உங்க வீட்டுலயே பழசாகிட்டுதான் வந்தது.”

அவர் ஏமாற்றுக்காரர்; ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

அம்மையாரின் முகவரியை எப்படியோ பெற்று, உண்மை முழுவதையும் எழுதினேன். யாருடைய கை செய்தது, எவ்வாறு பழமை பூசப்பட்டது, கதை எவ்வாறு என் மேசையில் எழுதப்பட்டது என ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் பெயரை ஐந்து இடங்களில் எழுதினேன். அஞ்சலில் சேர்த்துவிட்டு வந்து அவளிடம் சொன்னபோது, “ம்,” என்றாள். ஆனாலும் அதற்குப் பின் தபால்காரரின் குரல் கேட்கும்போதெல்லாம் அவள் கை மண்ணில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

காட்சிக்கூடத்திலிருந்து மறுமொழி ஒரு மாதம் கழித்து வந்தது. மிகுந்த பண்போடு எழுதியிருந்தார்கள். என் அடக்கத்தைப் பாராட்டியிருந்தார்கள். கதைகளின் மொழியை மேலும் ஓர் அறிஞர் ஆராய்ந்ததாகவும், அது இக்காலத்து ஒருவரால் எழுதக்கூடியதன்று என்றே அவரும் கருதுவதாகவும் குறித்திருந்தார்கள். பழைய உருவங்களைப் பார்த்து என் மனைவியார் அவற்றின் நகல்களைச் செய்துவருவதை அறிந்து மகிழ்கிறார்கள். காட்சி தொடங்கும்போது வாயிலருகே உள்ள விற்பனைப் பிரிவில் அந்நகல்களை வைக்க விரும்புகிறார்கள். அங்கே அவர் பெயரையும் குறிப்பிடலாம்.

தாளை அவளிடம் நீட்டினேன். அவள் கையில் மண் இருந்ததால் என்னையே படிக்கச் சொன்னாள். படித்தேன். நகல் என்ற சொல்லை விரைந்து கடந்தேன். மீண்டும் படிக்கச் சொன்னாள், படித்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியபின், தட்டிக்கொண்டிருந்த மண்ணைப் பார்த்தவாறே சொன்னாள்:

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.”

நாற்பதாண்டு மணவாழ்வில் என் எழுத்தை அவள் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.