நான் தேவதூதனாக்கிய பெண்மணி

அந்தப் பெண்மணியின் முகம் எனக்கு நினைவில்லை. கை மட்டும் நினைவிருக்கிறது. வெயிலில் காய்ந்த, மெலிந்த மணிக்கட்டு. அதில் பச்சைக் கண்ணாடி வளையல்கள், ஏழெட்டு இருக்கும். நான் பிடித்த பிடியில் அவற்றில் சில உடைந்தன. ஒரு சில்லு என் உள்ளங்கையிலும் குத்தியது. அவர் கையில் எத்தனை குத்தின என்று நான் பார்க்கவில்லை. அவரோடு எனக்கிருந்த பழக்கம் மொத்தமே ஐந்து நிமிடம்தான். ஐம்பது வயதைத் தொட்டுவிட்ட ஒருவன் ஐந்து நிமிடப் பழக்கத்தைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இருபது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களில் யாரும் இப்படி என் கூடவே வந்துகொண்டிருக்கவில்லை.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. சின்னவன் பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அசோக் நகரில் இரண்டு அறை வீடு. ஒரு அறையில் துணி காயும், இன்னொன்றில் குழந்தை அழும். ஞாயிற்றுக்கிழமை மாலை என் மனைவி, "ரெண்டு மணி நேரம் இவளை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. நான் தூங்கி எழுந்தா மனுஷியா இருப்பேன்" என்றாள். மகளைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பொறுப்பான தகப்பன் என்ற எண்ணம் வழியெல்லாம் எனக்கு இருந்தது. ஆட்டோக்காரரிடம் கூட அப்படித்தான் பேசினேன்.

மணலில் எங்கள் சபை நண்பர் ஒருவர் எதிர்ப்பட்டார். பாடகர் குழுவில் நடந்த ஒரு கூத்தை அவரிடம் சொல்லத் தொடங்கினேன். வேடிக்கையாகப் பேசக்கூடியவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைக் காப்பாற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது. அபிநயத்துக்காக மகளின் கையை விட்டேன். கதை நன்றாக வந்தது, நண்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் குனிந்து பார்த்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. அந்தக் கதையை அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்களுக்குத்தான் தெரியும், கடற்கரையில் இருக்கிற எல்லாக் குழந்தைகளும் நம் பிள்ளையைப் போலவே மஞ்சள் கவுன் போட்டிருக்கும். நான் ஒரு பக்கம் ஓடினேன், நண்பர் ஒரு பக்கம் ஓடினார். ஜெபித்தேனா என்று பிறகு பலர் கேட்டார்கள். ஜெபித்தேன் என்றே சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் நினைத்துக்கொண்டிருந்தது, அந்த வாரம் எங்கள் உறவினர் குழுவில் சுற்றிய ஒரு வாட்ஸ்அப் செய்தியை. பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருப்பதாகவும், ஒயர் கூடை வைத்திருப்பார்கள் என்றும் அதில் இருந்தது. அதைக் கிண்டல் செய்துகொண்டே இன்னும் நான்கு குழுக்களுக்கு நான்தான் அனுப்பியிருந்தேன்.

கால் மணி நேரம் கழித்துச் சாலைப் பக்கமாக மகளைக் கண்டேன். ஒரு பெண்மணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவர் கையில் ஒயர் கூடை. பின்னாலிருந்து பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். "பிள்ளையைத் தூக்கிட்டுப் போறா" என்று கத்தினேன். என் குரல் நன்றாக எடுபடும். பாடகர் குழுவில் இருக்கிறேன். நொடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கூடை சரிந்து ஒரு தூக்குப் பாத்திரம் உருண்டது. அதிலிருந்த சோறு மணலில் கொட்டியது. யாரோ ஒருவன் அவர் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அந்த ஆள் யாரென்று தெரியாது. அவனைக் கூப்பிட்டவன் யாரென்று தெரியும்.

"இன்னா நைனா, கொயந்த உன்னுதா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் இல்லை, மூச்சுதான் வாங்கியது. "அயுதுகினே நின்னுகினு இருந்துச்சு. நீலச் சட்ட, நீலச் சட்டன்னே சொல்லுது. நானும் எத்தினி நீலச் சட்டையத்தான் பாக்கறது? அத்தான் போலீசாண்ட வுட்டுர்லாம்னு இட்டுகினு போறேன்."

நான் நீலச் சட்டைதான் போட்டிருந்தேன். ஒரு காவலர் வந்து கூட்டத்தை விலக்கி, மகளிடம் குனிந்து, "பாப்பா, இவங்க யாரு?" என்று கேட்டார். அவள் அழுகைக்கு நடுவே, "ஆன்ட்டி அப்பாவைத் தேடினாங்க" என்றாள். காவலர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா சார்? பிள்ளைய ஒழுங்கா பாத்துக்கோங்க. கெளம்புங்க" என்றார். அந்தப் பெண்மணியிடமும் அதே தொனியில், "நீயும் கெளம்பும்மா" என்றார். மன்னிப்புக் கேட்க அப்போது எனக்கு முழுதாக இரண்டு நிமிடம் இருந்தது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்து வேகமாக நடந்தேன். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் மன்னிப்புக் கேட்கத் தோன்றும் என்று நல்லவர்கள் சொல்வார்கள். எனக்கு ஆட்டோ பிடிக்கத் தோன்றியது.

இவை எதையும் பார்க்காமல் மறுகோடியில் தேடிக்கொண்டிருந்த நண்பருக்கு, பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று மட்டும் ஆட்டோவிலிருந்து போனில் சொன்னேன். வீட்டில் மனைவி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுது முடித்த பிறகு, "அந்தம்மா பேரு கேட்டீங்களா? நம்பர் வாங்கினீங்களா?" என்றாள். "அதுக்குள்ள போயிட்டாங்க" என்றேன். முதல் பொய் அதுதான். இரண்டு சொல்லில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாலை ஜெபத்தில் பாட்டும் வேதப் பகுதியும் முடிந்ததும் ஒவ்வொருவரும் அன்றைய நாளுக்காக ஒன்றைச் சொல்லி நன்றி செலுத்த வேண்டும். அந்த வயதில் மகள் குளியலறை வாளிக்காகவும், பக்கத்து வீட்டு நாய்க்காகவும், லிஃப்டுக்காகவும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று, "ஆன்ட்டிக்காக ஸ்தோத்திரம்" என்றாள். நான் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஆமென் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்றாள் மனைவி. அது முறைதான், பிள்ளைப்பேறு, பரீட்சை, அறுவை சிகிச்சை என்று எதற்கும் எங்கள் சபையில் எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்வார்கள். மயிலாப்பூரில் எங்கள் ஆலயத்தில் மைக்கைப் பிடித்து நானும் சொன்னேன். கூட்டம், மஞ்சள் கவுன், ஜெபம், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. முடிவு எனக்குச் சரியாக வரவில்லை. "திரும்பிப் பார்த்தேன், அவரைக் காணோம்" என்று முடித்தேன். சட்டப்படி அது பொய்யல்ல. ஆட்டோவில் ஏறி, கலாக்ஷேத்திரா பக்கம் திரும்பிய பிறகு பார்த்தேன், காணோம். சபை நெடுமூச்சு விட்டது. ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை மூப்பர் என் தோளைப் பிடித்தார். திருநெல்வேலிக்காரர், பெரிய மனசு. "ஏம்டே, இன்னுமா ஒனக்கு வெளங்கல? அது பொம்பளை இல்லடே. தேவதூதன்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. நான் இல்லை என்று சொல்லவில்லை. அவருடைய விசுவாசத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

ஆண்டுதோறும் அதே வாரத்தில் நன்றிக் காணிக்கை தொடர்ந்தது. உறையின் மேல் என் மனைவி அழகான கையெழுத்தில் "தேவதூதனை அனுப்பியதற்காக" என்று எழுதுவாள். இரண்டாம் ஆண்டு அந்தப் பெண்மணிக்கு வெள்ளைப் புடவை வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு முகத்தில் ஒளி. ஒளிக்கு நான் பொறுப்பல்ல, அது சபையாரின் உபயம். நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒயர் கூடை மட்டும் எந்த ஆண்டும் வரவில்லை. தேவதூதர்கள் மீந்த சோற்றைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துப் போவதாக யாரும் நம்ப மாட்டார்கள். மகளுக்குச் சபையில் "தேவதூதன் கொண்டுவந்த பிள்ளை" என்றே பெயர். சின்னவன் வளர்ந்ததும் தினமும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் தூங்கினான். நான் நன்றாகவே சொன்னேன்.

இதற்கிடையில் அவர் எங்கும் இருந்தார். முகம் தெரியாததால் எந்த முகமும் அவராக இருக்கலாம். தி. நகரில் பள்ளிச் சீருடை வாங்கப் போனால் எதிரே வரும் கூட்டத்தில் கைகளைத்தான் பார்ப்பேன். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வாசலில், பேருந்தில் முன்னிருக்கைக் கம்பியில், எங்கள் அடுக்ககத்தில் வேலைக்கு வருகிறவர்களில் என்று ஐம்பது வயதுப் பெண்மணி யாராவது ஒயர் கூடையோடு நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் அவரை அடையாளம் காண வழியில்லை. அவர் என்னைக் காணலாம். நீலச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டேன். என் மனைவி அதை மிஷனரிப் பணிக்கான ஈகை என்று எண்ணிக்கொண்டாள். நடைப்பயிற்சி என்று சொல்லிச் சில மாலைகள் பெசன்ட் நகருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. தேடுவதற்குப் போனவன் தொப்பி போட்டுக்கொண்டு போக மாட்டான்.

இந்த ஆண்டு பாலர் ஞாயிறு அன்று மகளே சாட்சி சொல்லட்டும் என்று போதகர் சொல்லியிருந்தார். அவளுக்குப் பதினொன்று முடிந்து பன்னிரண்டு நடக்கிறது. முந்தைய நாள் சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை, ஒளி எல்லாம் இருந்தது. நடையில் என் சாயல். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். படிப்பதை நிறுத்திவிட்டு, "அப்பா, ஏஞ்சலுக்கு வளையல் இருக்குமா?" என்றாள்.

"ஏன் கேக்கற?"

"எனக்கு ஒண்ணு ஞாபகம் வரும், அடிக்கடி. டப்புன்னு உடையும். பச்சையா கீழ விழும். அது கனவா, நிஜமா?"

கனவு என்று சொல்லியிருக்கலாம். எட்டு ஆண்டுப் பயிற்சி கைவசம் இருந்தது. ஆனால் அவளுக்கு நினைவிருக்கும் ஒன்றை இல்லை என்று சொல்லி அவளையே சந்தேகப்பட வைப்பது, நான் அதுவரை செய்த எதையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். முறுக்கியதை, கத்தியதை, கொண்டையை, சோற்றை, ஆட்டோவை. என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றதைப் பாதியில்தான் கவனித்தேன். நிறுத்தவில்லை.

"சாரி சொன்னீங்களா?" என்றாள் மகள்.

"இல்ல."

"தேங்க்ஸ்?"

"இல்ல."

அவள் எழுதி வைத்திருந்த தாளைத் திருப்பிப் போட்டாள். "அப்ப இத்தனை வருஷமா நாம யாருக்குத் தேங்க்ஸ் சொல்லிட்டு இருந்தோம்?"

"ஆண்டவருக்கு" என்றேன்.

"அவருக்கு நடந்தது தெரியுமே அப்பா."

என் மனைவி, "என் கையால எழுதினேன், ஒவ்வொரு உறையிலயும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மாலை ஜெபத்தில் பாயின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் மகளின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் எழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போனேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கதையை நன்றாகச் சொல்வது. அன்று அதை மோசமாகச் சொன்னேன். வரிசை தப்பியது. "நான் அந்தப் பெண்மணியைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று கத்தினேன்" என்று சொல்லி மூச்சு வாங்கிய இடத்தில், பழக்க தோஷத்தில் பின்வரிசையிலிருந்து யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். வேறு நாளாக இருந்தால் அதை வைத்து நான் ஒரு மாதம் சிரிக்க வைத்திருப்பேன். நான் முடித்ததும் போதகர் கொஞ்சம் தடுமாறிவிட்டு அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். வெளியே தேநீர் மேசையருகே மூப்பர் வந்தார். இப்போது கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். "நான்தானடே தேவதூதன்னு சொன்னேன். அன்னைக்கே இல்லன்னு சொல்லிருக்கலாம்லா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ அவர் தப்பு செய்துவிட்டதைப் போலக் கேட்டார்.

ஒன்றைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நானே மேடைகளில் பேசியிருக்கிறேன். இறங்கவில்லை. கேட்க வேண்டியவர் அந்த ஆலயத்தில் இல்லை. கையில் காயம் ஆற எத்தனை நாளானதோ, அன்று அவர் வீட்டில் அந்தச் சோற்றுக்காக யார் காத்திருந்தார்களோ, அடுத்த முறை அழுகிற குழந்தையைக் கண்டபோது அருகில் போனாரோ, விலகிப் போனாரோ. கடைசிக் கேள்விதான் என்னை விடுவதில்லை.

அன்று மாலை ஜெபத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். மகள் மறு முனையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தபடி, "காலையில நீங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள்.

"என்னது?"

"அந்த ஆன்ட்டி எனக்கு டாட்டா காட்டினாங்க."

நான் பாயை விட்டுவிட்டேன். "எப்போ?"

"நீங்க என்னைத் தூக்கிட்டு வேகமா நடந்தீங்கல்ல, அப்போ. நீங்க ரோட்டைப் பாத்து நடந்தீங்க. நான் உங்க தோள் மேல இருந்து அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தேன். கீழ உக்காந்து பாத்திரத்தை எடுத்துட்டு இருந்தாங்க. முடியெல்லாம் அவுந்து இருந்துச்சு. நிமிந்து என்னைப் பாத்தாங்க. சிரிச்சுட்டு டாட்டா காட்டினாங்க."

"நீ?"

"நானும் காட்டினேன்."

சின்னவன் பாட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தான். மனைவியும் வந்து, முந்தின நாளைவிடக் கொஞ்சம் அருகில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. அன்று முதலில் நன்றி சொல்ல வேண்டியது என் முறை. மூவரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.