நடாத கொடிமரம்

உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தோட்டத்து உச்சியில் ஒரு ஸியாரம் இருக்கிறது. இறைநேசர் ஒருவர் அடங்கிய இடம். தேயிலை வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார் என்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற லயத்து ஆட்கள் நாங்கள் 'பாவா மலை' என்போம். புது வண்டி வாங்கினால் முதலில் மாரியம்மனுக்கு ஓட்டுவோம், அடுத்தது பாவாவுக்கு. நான் ஆட்டோ எடுத்தபோதும் அப்படித்தான்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு ராத்தா, முஸ்லிம் வீட்டு அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். சந்தியில் இடியப்பம் விற்கிறவர், அறுபதைத் தாண்டியவர். கணவர் மௌத்தான பிறகு கூட்டுவது, விளக்கேற்றுவது எல்லாம் அவர்தான். அவர் வாயைத் திறந்தால் நான் சவாரியை விட்டுவிட்டுக்கூடக் கேட்டுக்கொண்டிருப்பேன். "என் இடியப்பத்த விட உன் சட்டையிலதான் ஓட்டை கூட" என்று என்னைப் பார்த்துச் சொன்னதை இன்றைக்கும் சந்தியில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தேவாலயங்களில் வெடித்த ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு மலைக்கு முதலில் சோதனை வந்தது, பிறகு தொல்பொருள் திணைக்களத்துக் கடிதம் வந்தது. அது பழங்காலத்துச் சின்னங்கள் உள்ள நிலமாம், பிற்காலத்தில் கட்டியதெல்லாம் போக வேண்டுமாம். தகரத்தில் செய்த பச்சைக் குவிமாடத்தைக் கழற்றினார்கள். அரபு எழுத்துப் பலகையை எடுத்தார்கள். பச்சைச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். நாலு சுவரும் பாவா அடங்கிய கபுறும் மிஞ்சின. நிரந்தரக் கூரை போடக்கூடாது என்றதால், ராத்தா சாயங்காலம் ஏறிப்போய்க் கபுறின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவார், காலையில் ஏறிப்போய் எடுப்பார். அந்த ஏற்றத்தில் என் ஆட்டோவே மூச்சு வாங்கும். அவர் மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

சென்ற வருடம் பாவாவின் நினைவு விழாவான கந்தூரி நெருங்கியபோது இன்னொரு கடிதம் வந்தது. கந்தூரி என்றால் கொடியேற வேண்டும். மலையில் கொடிமரம் நட்டு, பச்சைக்கொடி பன்னிரண்டு நாள் பறக்க வேண்டும். டவுன் பள்ளிவாசல் டிரஸ்டி ஒருவர் சந்திக்கே வந்து மெதுவாகச் சொன்னார்.

"இந்த வருசம் விட்டுருவோம் ராத்தா. ஒரு வருசம்தானே. பொல்லாத காலம்."

"ஒரு வருசம் விட்டா, அடுத்த வருசம் வந்து, போன வருசம் இப்படி ஒண்ணும் நடக்கலையேன்னு கேப்பாங்க. அப்ப நான் என்னத்தச் சொல்ல?"

டிரஸ்டி வந்த வழியே டவுனுக்குத் திரும்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கடையை ஒரு தரம் உடைத்திருக்கிறார்கள்.

ராத்தா கடிதத்தை என்னிடம் நீட்டினார். சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துச் சொன்னேன். நிலத்தைத் தோண்டக்கூடாது, எதையும் நடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, மரங்களில் கயிறு கட்டக்கூடாது.

"கையால பிடிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கா?"

"இல்ல ராத்தா."

"நல்லாப் பாரு."

"ரெண்டு தரம் பார்த்துட்டேன்."

"அப்ப பிடிப்போம்."

பன்னிரண்டு நாள் பிடிக்க மனிதனால் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் என்று முடிவானது. பன்னிரண்டு ஒன்றாகச் சுருங்கியதில் ராத்தாவுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அந்த ஒன்றை விடுவதாக இல்லை.

அன்றைக்கு மலையில் லயத்து ஆட்கள் அறுபது எழுபது பேர். இந்து, வேதக்காரக் கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும். இருபதடி மரத்தின் அடியை ஒரு தட்டைப் பாறையில் வைத்து, நாலு பேர் நாலு பக்கமும் பிடித்தோம். மௌலவி ஓத, கொடி ஏறியது. முறை மாற்றிவிடுவதை எங்கள் கங்காணி எடுத்துக்கொண்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுகிற அதே குரல்.

"அடுத்த நாலு பேரு வாங்க. டேய், சாய்ஞ்சு நின்னீன்னா அரைப்பேருதான் போடுவேன், அரைநாள் கூலிதான்."

"பாவாகிட்ட முழுப்பேரு வாங்கிக்கிறோம் கங்காணி, நீங்க கூப்பிடுங்க."

காவலுக்கு ஒரு பொலிஸ்காரர் வந்திருந்தார், சின்ன வயது. தூறலில் குடையைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தா அவருக்கு நெய்ச்சோறு கொண்டுபோய்க் கொடுத்து, "சாப்பிடுங்க ராலஹாமி, பிடிக்கச் சொல்ல மாட்டேன்" என்றார் சிங்களத்தில். அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. அப்போது என் முறை. கொடி நனைந்து கனத்துப்போயிருந்தது. மரத்தின் அடி பாறையில் வழுக்கி விளிம்புக்கு வந்துவிட்டது. பக்கத்தில் ஈரமண். ஒரு நிமிடம் அதில் ஊன்றிக்கொண்டால் தப்பிவிடலாம் என்று அடியைத் தள்ளப் பார்த்தேன்.

"தம்பி, மண்ணுல வைக்காத." ராத்தா கத்தவில்லை. சொன்னார், அவ்வளவுதான். "அதுக்குத்தானே ராலஹாமி நிக்கிறார்."

கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து நாலாக மடித்துப் பாறையில் போட்டாள். மரத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தோம். வழுக்கல் நின்றது. அதே நேரம் என் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து மரத்தைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால், டிரஸ்டி. வெள்ளை ஜுப்பாவில் முழங்கால் வரை சேறு. கங்காணி, "லேட்டா வந்தாலும் பேரு உண்டு ஹாஜியார்" என்றார்.

அஸர் நேரத்துக்குக் கொடி இறங்கியது. நிலத்தில் படாமல் ராத்தா தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டார். எங்கள் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, பிளேன்டீ கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

பொலிஸ்காரர் பாறையைச் சுற்றி வந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். குழி இல்லை, ஆணி இல்லை, மரங்களில் கயிற்றுத் தடம் இல்லை. புத்தகத்தை எடுத்து, எதுவும் நடப்படவில்லை என்று எழுதினார்.

"கொடி ஏறினதையும் எழுதுங்க ராலஹாமி" என்றார் ராத்தா.

"அத எழுதச் சொல்லல அம்மா. நட்டாங்களா இல்லையான்னுதான் கேட்டிருக்காங்க."

"நீங்க பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"பார்த்தத எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார், டிரஸ்டியைப் பார்த்தார். ராத்தா கொடியை ஏந்தியபடி நின்றார், நகரவில்லை. பிறகு பொலிஸ்காரர் குனிந்து இன்னும் ஒரு வரி எழுதினார்.

"தம்பி, வாசி."

நான் எட்டிப் பார்த்து வாசித்தேன். கந்தூரிக் கொடி ஏற்றப்பட்டது, மாலையில் இறக்கப்பட்டது, குழப்பம் எதுவும் இல்லை.

"தேதி?"

"போட்டிருக்கு ராத்தா."

"அது போதும்" என்று சொல்லி, கொடியைப் பிழியப் போனார்.