சேவியர் பெயரை நான்கு முறை வெட்டினேன்

பரிசுக் கோப்பைக் கடையில் பெயர் வெட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: அடுத்தவன் ஜெயித்ததை ஊருக்கு முன்னால் தெரிந்துகொண்டு நிதானமாக வயிறெரியலாம். துபாய் சத்வாவில் ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்தவனின் பிரமோஷன் பார்ட்டியில் கைதட்டிவிட்டு வந்தவர்களுக்கு என் கதையை விளக்க வேண்டியதில்லை.

பட்டன்

2003 ஈத் விடுமுறையில், நாங்கள் பலர் சேர்ந்து வாடகைக்குத் தங்கியிருந்த வில்லாவில் போக்கர் போட்டி தொடங்கினோம். ஆட்டம் சொல்லிக்கொடுத்தவன் நான். காசு வைத்தால் வம்பு என்பதால், கீழே கடை வைத்திருந்த பாகிஸ்தானி டெய்லர் பாய் தன் பட்டன் டப்பாவைக் கொடுத்தார். சட்டை பட்டனுக்கு ஒன்று, கோட்டு பட்டனுக்குப் பத்து. பரிசு, மூலை உடைந்து எங்கள் கடையில் கிடந்த மர ஷீல்டு. அதில் ஆறு பித்தளைத் தகடுகள், வருடத்துக்கு ஒரு சாம்பியன்.

முதல் தகடு எனக்குத்தான் என்று இருந்தேன். ஜெயித்தது டெய்லர் பாய். ஷீல்டை நீட்டினால், அதை என் பக்கமே தள்ளிவிட்டு மனிதர் தன் டப்பாவைத் தேடுகிறார்.

"ஷீல்ட் துமாரா, பட்டன் ஹமாரா."

பேப்பர்

மறுவருடம் ஒரு பிலிப்பைன்ஸ் சமையல்காரர் சேர்ந்தார். ஆட்டமே தெரியாது. எந்த அட்டை எதைவிடப் பெரிது என்று பாவம் பார்த்து ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்தே என்னை இரண்டாவது இடத்துக்குத் தள்ளினார். இரண்டாவது ஆளுக்குத் தகடு கிடையாது. அவர் பெயரை வெட்டிக்கொண்டிருந்தபோது கடைக்கு வந்து அந்தப் பேப்பரை நீட்டினார்.

"மை பிரண்ட், திஸ் ஆல்சோ, லேமினேட்."

பெரிய எழுத்து

அதற்குப் பிறகு எல்லாம் சேவியர். ஏசி மெக்கானிக். கன்னியாகுமரிப் பக்கம் நாங்கள் ஒரே தெரு, இங்கே ஒரே கட்டிலில் அவன் மேல் அடுக்கு. நல்லவன், கேட்டால் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுப்பான். அதனால் திட்டவும் வழியில்லை. எனக்கு வெறும் பொறாமைதான். மூன்றாவது முறை ஜெயித்ததும் யூனிபார்மோடு கடைக்கு வந்து, எழுத்து பெரிதாக வேண்டும் என்றான். தகட்டில் இடம் போதாது என்றேன்.

"அப்பம் அப்பா பேரை எடுத்துரு மக்கா. எம்பேரு மட்டும் பெருசா போடு."

போன்

ஷீல்டோடு எடுத்த போட்டோவை அவன் ஊருக்கு அனுப்பிவிட்டான். அது தெரு முழுக்கச் சுற்றி என் வீட்டுக்கும் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை போன் கார்டைத் தேய்த்துக் கூப்பிட்டால், என் மனைவி பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதைத்தான் கேட்டாள்.

"சேவியர் அண்ணன் கப்பு வாங்கியிருக்காவளாமே, நீங்க கப்பு கடையிலதான இருக்கிய?"

கடைசித் தகடு

ஆறாவது வருடம் வில்லாவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் ஒரு போட்டி, ஒரு தகடு. அதிகம் ஜெயித்தவனுக்கே ஷீல்டு சொந்தம் என்றும் பேசி முடித்தார்கள். ஷீல்டு போனால் போகட்டும், அதில் ஒரு மூலையிலாவது என் பெயர் இருக்க வேண்டும் என்று கிடந்து தவித்தேன். போட்டிக்கு முந்தின நாள், முதலாளி தொழுகைக்குப் போன நேரத்தில், கடைசித் தகட்டைக் கழற்றி அதில் என் பெயரை வெட்டியே விட்டேன்.

பெயர் வெட்டியாகிவிட்ட தைரியத்தில் ஜெயித்தவன் மாதிரியே ஆடினேன். கடைசியில் சேவியரும் நானும்தான். எனக்கு மூன்று ராஜா விழுந்தது. இருந்த பட்டன் அத்தனையையும் நடுவில் தள்ளினேன். சேவியர் தன் அட்டைகளைத் திருப்பினான். ஐந்தும் கிளாவர். போக்கரில் அது மூன்று ராஜாவைவிடப் பெரிது.

மறுநாள் வேறு தகடு கேட்க முதலாளியிடம் காரணம் சொல்ல முடியாது. என் பெயர் இருந்த தகட்டையே திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் சேவியர் பெயரை வெட்டி ஒட்டினேன். அவன் வந்து கட்டைவிரலால் அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்தான். முகத்தில் உண்மையான வருத்தம்.

"ஒரு தகட்டுலயாவது ஒம்பேரும் வந்திருக்கலாம் மக்கா."

ஆறு வருட சாம்பியன்கள் வரிசையில் என் பெயரும் இருக்கிறது ஐயா, சேவியர் வீட்டு ஹாலில், சேவியர் பெயருக்கு நேர் பின்னால், மரத்தைப் பார்த்தபடி.