உழவு அலமாரியில் உளவாளிகள்

வாடகைக்குப் புத்தகம் தரும் கடையில் உட்கார்ந்தால், யார் எதை ஒளித்துப் படிக்கிறார்கள் என்பதுதான் முதலில் தெரியும். கடையில் நின்றே கால் வீங்கிய சக ஜீவன்களே, உங்களைச் சிரிக்க வைக்கப்போகிறேன். ஆனால் இப்போது இல்லை. முதலில் ஓர் அலமாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு, திருத்துறைப்பூண்டியில் ஆரோக்கியம் சார் கடையில் சேர்ந்தேன். மூலையில் கீழையூர் குணா என்பவர் எழுதிய உளவு நாவல்கள் முப்பது. பின்னட்டையில் அவர் படம்கூடக் கிடையாது. சும்மா ஒன்றைத் தொட்டேன். மூன்று நாளில் ஒன்பது முடிந்துவிட்டது. துப்பாக்கியே வராது. ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே ஒருவன் நாட்டைக் காப்பாற்றிவிடுவான். ஒன்றைக்கூடப் படிக்காத சார் சொன்னார்: "யாரும் எடுக்கலம்மா. சனிக்கிழமை பழைய பேப்பர் கடைக்குப் போகுது."

உழவு

யாரும் எடுக்காததற்குக் காரணம், அலமாரியில் சார் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு: 'உழவு நாவல்கள்'. அவர் நாக்கில் ளவும் ழவும் ஒன்று, பேனாவிலும் அப்படியே. நான் திருத்தவில்லை. குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு வந்த ஒரு விவசாயி, 'களையெடுப்பு' என்ற தலைப்பைப் பார்த்து ஆசையாக எடுத்துப் போனார். இரண்டே நாளில் திரும்பி வந்தார். "ஏம்மா, கடைசி வரைக்கும் ஒரு பயலும் வயல்ல கால வைக்கல. அடுத்த பாகம் இருக்கா?"

ஒற்றுப் பிழை

அடுத்து, பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா. 'ஒற்றுப் பிழை' நாவலை, க் ச் த் ப் எங்கே போடுவது என்று சொல்லும் இலக்கணப் புத்தகம் என்றே நம்பினார். செய்தி வாசிக்கும் குரலில் நானும் சிபாரிசு செய்தேன். திரும்பி வந்த புத்தகத்தில் பத்துப் பக்கம் வரை சிவப்பு மை, அதற்கப்புறம் சுத்தம். "பத்துப் பக்கத்துல இருபது தப்பு. அதுக்கப்புறம் தப்பு பாக்க எனக்கு நேரமில்ல."

தாசில்தார் பேசுகிறேன்

இரண்டு வாசகர்கள் சாருக்குப் போதவில்லை. கடையில் இருப்பது நம்பர் காட்டாத பழைய போன். டீ வாங்கப் போகிற சாக்கில், வியாழக்கிழமை கடைக்குப் பின்னால் நின்று, குரலை மாற்றிக் கடை போனுக்கே செல்லில் அடித்தேன். முதலில் வேளாங்கண்ணி சிஸ்டர்: "ஸ்தோத்திரம் சார், ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு குணா புக் பத்து வேணுமே." பிறகு நெல் வியாபாரி: "குணா இருக்கா? ஈரம் இல்லாம காஞ்சதா குடுங்க." சார் பயபக்தியாக எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, ஓய்வுபெற்ற தாசில்தார்: "ஏன்யா, பட்டா சிட்டா மாதிரி குணா மொத்தமும் எனக்கு வேணும்."

"தரேங்க ஐயா. 'மூணாவது சாவி' மட்டும் வேணாங்க. கடைசில அந்த ஆளு செத்துடுறான்."

"சாகல சார், படகுல தப்பிச்சுடுறான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அது தாசில்தார் குரல் இல்லை, என் குரல். சார் நோட்டை மூடும் சத்தம் போனில் கேட்டது.

"படகு நூத்தி அறுபதாம் பக்கம். இத்தன பேரு கேக்குறாங்களேன்னு நேத்தே படிச்சுட்டேன். அலமாரி எங்கயும் போகல. தாசில்தாருக்கும் சேத்து டீ வாங்கிட்டு உள்ள வாம்மா ஸ்டெல்லா."

ஊரில் உள்ள எல்லார் குரலிலும் பேசிவிடலாம், ஆனால் பிடித்த கதையின் முடிவை ஒருவர் தப்பாகச் சொல்லும்போது சும்மா இருக்க மட்டும் எந்த உளவாளியாலும் முடியாது.